ஆற்றுக்கும் ஒரு மதிப்பெண் அட்டை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர், மாணவர் முன்னிலையில் ஆற்றிய உரை)



‘நல்ல தண்ணீர்’ என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசும்படி எனக்குப் பணித்திருக்கிறார்கள். “தண்ணியைப் பத்தி டீச்சர் என்னத்தப் புதுசா சொல்லப் போறாங்க? குழாயை மூடணும், சிக்கனமாப் புழங்கணும், அம்புட்டுத்தானே” என்று பின்வரிசையில் ஓர் ஐயா முணுமுணுப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. இல்லை ஐயா. சிக்கனத்தைப் பற்றி நான் இன்று ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை. தண்ணீர் நல்லதா கெட்டதா என்று நமக்கு எப்படித் தெரிகிறது, அதை யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள், பார்த்ததை எந்த நோட்டில் எழுதி வைக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் முகத்தைப் பார்த்தா பரிசு கொடுக்கிறோம்? “பையன் பார்க்கக் களையாக இருக்கிறான், ஆகவே கணக்கில் நூறு” என்று ஓர் ஆசிரியர் போட்டால் நீங்கள் சும்மா விடுவீர்களா? ஆனால் தண்ணீருக்கு மட்டும் நாம் எல்லாரும் முகத்தைப் பார்த்தே மார்க் போட்டு வருகிறோம். தெளிவாக இருந்தால் நல்ல தண்ணி, கலங்கலாக இருந்தால் கெட்ட தண்ணி. அதற்கு மேல் நாம் கேட்டதில்லை.

நம் பண்டார் தெங்காராவைச் சுற்றிச் செம்பனைக் காடுகளுக்கு நடுவே ஓடும் ஓடைகள் யாவும் சுங்கை ஜொகூர் படுகையைச் சேர்ந்தவை. சாயோங், லிங்கியூ முதலிய கிளையாறுகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு, ஏறக்குறைய 122 கிலோமீட்டர் தூரம் ஓடி, கோத்தா திங்கி பட்டணத்தைக் கடந்து, ஜொகூர் நீரிணையில் போய்ச் சேர்கிறது இந்த ஆறு. வழியில் எத்தனை வாய்கள் அதை நம்பியிருக்கின்றன தெரியுமா? ஜொகூர் மக்கள் குடிக்கிறார்கள். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை இந்த ஆற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தம் 2061 வரை செல்லும். ஆக, நாம் ஆற்றின் தலைமாட்டில் இருக்கிறோம். கால்மாட்டில் லட்சக்கணக்கானவர்கள் செம்பை ஏந்தி நிற்கிறார்கள்.

லிங்கியூ அணையை ஏன் கட்டினார்கள் என்று சில பிள்ளைகளைக் கேட்டேன். “தண்ணி சேத்து வைக்க டீச்சர்” என்றார்கள். சரிதான். ஆனால் அந்த அணைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழை குறைந்த காலத்தில் ஆற்றில் வேகம் குறைந்தால், கடல் உப்பு நீர் முகத்துவாரத்திலிருந்து மெல்ல மெல்ல மேலேறி வரும். உப்பு ஏறிய நீரைச் சுத்திகரிப்பு நிலையம் எடுக்க முடியாது. அப்போது அணையைத் திறந்துவிட்டு, நன்னீரைக் கொண்டு உப்பு நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். 1995-இல் முடிக்கப்பட்ட அந்த அணையில் 2016 அக்டோபரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நீர் இருந்தது. அந்த நாட்களில் உப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று யாரோ ஒருவர் அளந்துகொண்டே இருந்திருக்க வேண்டும் அல்லவா? கண்ணால் பார்த்தால் உப்பு தெரியாதே!

இனி அமோனியாவின் கதைக்கு வருகிறேன். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் காட்டுக் கதை.

2019 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சுங்கை ஜொகூரில் அமோனியாவின் அளவு திடீரென்று ஏறியது. சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. சிங்கப்பூர்க்காரர்கள் நடத்தும் நிலையமும் நின்றது. ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. தண்ணீர் லாரிக்கு வாளி தூக்கி நின்றவர்கள் நம்மில் இருப்பார்கள். “ஆத்துல தண்ணி ஓடுது, குழாயில ஏன் வரல?” என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

விடை இதுதான். ஆற்று நீரில் உள்ள கிருமிகளைக் கொல்லச் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் கலக்கிறார்கள். அமோனியா இருந்தால், அழைக்காத விருந்தாளி பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து இலையைக் காலி செய்வதைப் போல, அந்தக் குளோரினை எல்லாம் அதுவே பிடித்துக்கொள்ளும். ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனைத் தீர்க்க ஏறக்குறைய எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் வேண்டும். அதற்குள் கிருமிக்குக் கிடைக்க வேண்டிய மருந்து தீர்ந்து போகும். ஆகவேதான் ஆற்றிலிருந்து எடுக்கும் நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அமோனியா இருக்கலாகாது என்று நம் சுகாதார அமைச்சு வரம்பு வைத்திருக்கிறது. ஒன்றரை மில்லிகிராம் என்பது எவ்வளவு? ஆயிரம் லிட்டர் பிடிக்கும் ஒரு தொட்டியில் ஒன்றரை கிராம். ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். அதைக் கண் பார்க்குமா, நாக்கு சொல்லுமா?

அமோனியா எங்கிருந்து வருகிறது? செம்பனைக் கழிவிலிருந்து வரும். கோழிப் பண்ணை, மாட்டுக் கொட்டகை இவற்றிலிருந்து வரும். மனிதக் கழிவிலிருந்து வரும். நாம் போடும் யூரியா, அமோனியம் சல்பேட் உரங்களிலிருந்தும் மழைநீரோடு வரும். ஒருவரைக் கைகாட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாத சரக்கு இது.

அதே 2019-இல், ஒரு மாதத்துக்கு முன்பு, மார்ச் மாதத்தில் பாசிர் கூடாங்கில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுங்கை கிம் கிம் என்னும் சின்ன ஆறு. அதிலே யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். நச்சுப் புகை எழுந்தது. முதலில் மயங்கி விழுந்தவர்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள். 111 பள்ளிகளை மூடினார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்கு ஓடினார்கள். நான் ஓர் ஆசிரியை. வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருமிக்கொண்டு சுருண்டு விழுந்தால் அங்கே நின்ற ஆசிரியைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதற்குமேல் எண்ண முடிவதில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்சம் பத்து மில்லியன் வெள்ளி வரை ஏறியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அபராதம் போட வேண்டுமானால் முதலில் குற்றம் கண்ணில் பட வேண்டுமே! இராத்திரி இரண்டு மணிக்கு மழையோடு மழையாகத் திறந்துவிடப்பட்ட கழிவு, காலை எட்டு மணிக்குப் பத்து மைல் கீழே போயிருக்கும். எப்போதோ ஒருநாள் வந்து புட்டியில் நீர் எடுத்துப் போகும் அதிகாரியின் கண்ணில் அது படாது. அவர் மேல் குற்றமில்லை. ஆறு அவருக்காகக் காத்து நிற்காது.

சரி, ஆற்றுக்கு மதிப்பெண் போடுவது எப்படி? நம் நாட்டில் சுற்றுச்சூழல் இலாகா 1978 முதல் ஆறுகளின் தரத்தை அளந்து வருகிறது. ஆறு பாடங்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று இருப்பது போல ஆற்றுக்கும் உண்டு: நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு, அந்தப் பிராணவாயுவை அழுக்கு எவ்வளவு தின்கிறது என்பதைக் காட்டும் இரண்டு சோதனைகள், அமோனியா நைட்ரஜன், மிதக்கும் மண் துகள், புளிப்பா காரமா என்னும் தன்மை. எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று போடுவார்கள். 81-க்கு மேல் வாங்கினால் சுத்தமான ஆறு. 60 முதல் 80 வரை சற்று மாசுபட்டது. அதற்குக் கீழே போனால் கெட்டது. 2020-ஆம் ஆண்டில் 672 ஆறுகளைப் பார்த்ததில் 443 சுத்தம், 195 நடுத்தரம், 34 கெட்டவை. பரவாயில்லை, நம் வகுப்பு முடிவுகளைவிட ஆறுகளின் முடிவு நன்றாகத்தான் இருக்கிறது!

இந்த ஆறில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அது நம் செம்பனை ஆலையோடு சம்பந்தப்பட்டது. நீரில் உள்ள அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள், தின்னும்போது மூச்சு விட வேண்டும். அதற்கு நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். அழுக்கு கூடக் கூட அவை பெருகும், மூச்சு கூடும், மீனுக்குப் பங்கு குறையும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஏழெட்டு மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்கும். அது இரண்டுக்குக் கீழே இறங்கினால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு மிதக்கும்.

இந்த மூச்சுக் கணக்கை அளக்க நீரைப் புட்டியில் அடைத்துச் சில நாள் இருட்டில் வைப்பார்கள். முதலில் இதை ஒழுங்குபடுத்தியவர்கள் ஆங்கிலேயர்கள். 1898-இல் அமைந்த கழிவுநீர் ஆணையத்தின் வேலை அது. அவர்கள் ஐந்து நாள் என்று வைத்தார்கள். அவர்கள் நாட்டு ஆற்று நீர் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும், அதனால்தான் ஐந்து என்பார்கள். நம் செம்பனை ஆலைக் கழிவுக்கு மூன்று நாள், 30 பாகை வெப்பம் என்று மாற்றி வைத்துக்கொண்டார்கள். இங்கே நுண்ணுயிருக்கும் பசி அதிகம், வேலையும் வேகம். வெள்ளைக்காரன் வைத்த அளவை நம் சீதோஷ்ணத்துக்குத் தக்கபடி திருத்திக்கொண்ட இந்தச் சின்னச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது.

ஆலையிலிருந்து வரும் பச்சைக் கழிவுநீரில் இந்த அளவு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் வரை இருக்கும். அப்படியே ஓடையில் விட்டால் என்ன ஆகும் என்று வயதானவர்களைக் கேளுங்கள். எழுபதுகளில் ஓடைகள் கறுத்துப் போய், நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்ததாக என்னிடமே ஒரு பாட்டி சொல்லியிருக்கிறார். 1977-இல் அரசாங்கம் செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிகளைக் கொண்டு வந்தது. ஒரே நாளில் ‘சுத்தமாக்கு’ என்று உத்தரவு போடவில்லை. முதலில் 5,000-க்குக் கொண்டு வா என்றார்கள். பிறகு படிப்படியாகக் குறைத்து, 1984-இல் 100 என்ற அளவுக்குக் கொண்டு வந்தார்கள். ஆலைகளும் குளங்கள் வெட்டின. கழிவைக் குளத்துக்குக் குளம் மாற்றி, நுண்ணுயிர்களையே தின்ன விட்டு, பிறகு வெளியே விடக் கற்றுக்கொண்டன. இருபத்தைந்தாயிரம் எங்கே, நூறு எங்கே! இதைச் செய்து காட்டியவர்கள் நம் நாட்டவர்கள். அளந்ததால்தான் இது முடிந்தது. ‘கொஞ்சம் குறைச்சிக்கோங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கும் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவோம்.

இங்கே ஒரு விஷயத்தைத் திறந்து பேசிவிட வேண்டும். “டீச்சர், ஆலையும் தோட்டமுந்தான் நமக்குச் சோறு போடுது. ஓடைத் தண்ணியைப் பத்தி வாயைத் தொறந்தா நாளைக்கி வேலைக்கே ஆபத்து” என்று ஓர் அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார். அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளத்தை நம்பி ஐந்து வயிறு இருக்கும்போது வீரம் பேசுவது எளிதல்ல. ஆனால் அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். “நாத்தம் அடிக்குது” என்று ஒருவர் சொன்னால் அது சண்டை. “சென்ற மாதம் முதல் வாரத்தில் இந்த இடத்தில் தெளிவு அறுபது சென்டிமீட்டர், இந்த வாரம் பதினைந்து, மழை இல்லை” என்று ஒரு நோட்டு சொன்னால் அது கணக்கு. கணக்கோடு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஒழுங்காக நடக்கும் ஆலைக்கு அந்த நோட்டு பாதுகாப்பும்கூட. ஓர் ஆற்றங்கரையில் நான்கு ஆலை இருந்து ஒன்று தவறு செய்தால், அளவு இல்லாத இடத்தில் நான்குக்கும் கெட்ட பெயர். எந்த ஓடை வழியாக வந்தது என்று எழுதி வைத்திருந்தால் மற்ற மூன்றின் பெயர் பிழைக்கும்.

நம் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தடித்த பம்பை எங்கே கழுவுகிறோம்? உரச் சாக்கு நல்ல கெட்டியான சாக்கு என்று ஓடையில் அலசி வீட்டுக்குக் கொண்டு வருகிறோமா இல்லையா? கொண்டு வருகிறோம். எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் அந்தச் சாக்கு இருந்தது. பாராகுவாட் களைக்கொல்லி 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. இருந்தாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. ஓடைக்குப் பக்கத்தில் எந்தப் பம்பையும் கழுவாதீர்கள் என்று தண்டலும் சொல்ல வேண்டும், பிள்ளைகளும் சொல்ல வேண்டும். பிள்ளை சொன்னால் அப்பா கேட்பார். தண்டல் சொன்னால் கேட்பாரா என்பது சந்தேகம்தான்.

“அதெல்லாம் சரி, ஓடையில மீன் இருக்கே டீச்சர், அப்புறம் எப்படித் தண்ணி கெட்டதாகும்?” இதுவும் அடிக்கடி கேட்கும் கேள்வி. நான் திருப்பிக் கேட்பேன்: என்ன மீன்? விரால், அதாவது மலாய்க்காரர்கள் ஹருவான் என்கிறார்களே, அதுவும் கெளுத்தியும் என்றால் ஏமாந்துவிடாதீர்கள். அவை இரண்டும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக் கூடியவை. பிராணவாயு இல்லாத சாக்கடையிலும் பிழைத்துக்கிடக்கும். நீருக்குள்ளேயே மூச்சு விடும் சின்னச் சின்ன மீன்கள் காணாமல் போய், விராலும் கெளுத்தியும் மட்டும் மிஞ்சினால் அந்த ஓடைக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். கல்லைப் புரட்டிப் பார்த்தாலும் தெரியும். பலவகைப் பூச்சிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் நல்ல நீர். மெல்லிய சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் அங்கே மூச்சுக்குப் பஞ்சம். இதற்குப் படித்த விஞ்ஞானி தேவையில்லை. பார்க்கத் தெரிந்த கண்ணும், எழுதி வைக்கும் பழக்கமும் போதும்.

‘தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே’ என்று நம் பெரியவர்கள் சொல்லி வளர்த்தார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் தண்ணீரைச் சோதிப்பது தண்ணீரைப் பழிப்பதாகாது. சோதிக்காமல் விட்டதால் என்ன ஆயிற்று என்பதற்கு நமக்குத் தூரத்து உறவான ஒரு நாட்டைக் காட்டுகிறேன்.

வங்காள தேசத்தில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் மாண்டுகொண்டிருந்தார்கள். ஆகவே எழுபதுகளில், எண்பதுகளில் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டினார்கள். நீர் பளிங்கு போல் வந்தது. கிருமி இல்லை. எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இயற்கையாகவே கரைந்திருந்தது. அதை யாரும் சோதிக்க நினைக்கவில்லை. பக்கத்து மேற்கு வங்காளத்தில் 1983-இல் கே.சி. சாகா என்ற தோல் மருத்துவர், கிராமத்து நோயாளிகளின் தோலில் இருந்த கரும்புள்ளிகளைப் பார்த்து, இது தண்ணீரில் வந்த ஆர்சனிக் என்று கண்டுபிடித்தார். வங்காள தேசத்துக் கிணறுகளில் அது தெரிய வந்தது 1993-இல். அதற்குள் கோடிக்கணக்கான மக்கள் அந்த நீரைக் குடித்து வந்திருந்தார்கள். கொதிக்க வைத்துக் குடித்தவர்களுக்கும் பயனில்லை. கொதித்தால் கிருமி சாகும், ஆர்சனிக் சாகாது. பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, நல்ல கிணற்றுக்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு என்று குழாய்க்கு வர்ணம் அடித்தார்கள். அந்த வர்ண டப்பாவின் விலை எவ்வளவு இருக்கும்? பத்தாண்டு முன்னாலேயே அந்தச் சோதனையைச் செய்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்?

உலகம் முழுதும் இந்தக் கணக்கு எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிடுவோம். ஐக்கிய நாடுகள் சபை 1978-லிருந்து உலக நன்னீரின் தரத்தைச் சேகரித்து வருகிறது. நம் நாடு ஆறுகளை அளக்கத் தொடங்கிய அதே ஆண்டு! 2021-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் 89 நாடுகளின் எழுபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகளைப் பற்றிய விவரம் வந்தது. நூற்றுக்கு அறுபது நல்ல நிலையில் இருந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எழுபத்தையாயிரத்தில் மிக ஏழையான இருபது நாடுகளின் பங்கு ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியதுதான். அங்கே ஆறு இல்லையா? உண்டு. அளப்பவர் இல்லை. தங்கள் நீரைப் பற்றிப் போதிய விவரம் இல்லாததால் ஆபத்தில் இருப்பவர்கள் முந்நூறு கோடிப் பேருக்கும் மேல் என்று அந்த அறிக்கை சொல்கிறது. பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வாரம் ஒரு டாக்டர். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மயங்கி விழுந்த பிறகு டாக்டர். ஆற்றுக்கும் அதே நியாயம்தான் நடக்கிறது.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டும் என்று மலைக்க வேண்டாம். 1982-இல் மஞ்சா என்பவரும் அவருடைய தோழர்களுமான இந்திய விஞ்ஞானிகள், ஒரு சின்னப் புட்டிக்குள் மருந்து தோய்த்த காகிதத்தை வைத்து, அதில் நீரை ஊற்றி ஒரு நாள் வெப்பமான இடத்தில் வைத்தால், மலக் கிருமி கலந்த நீர் கறுத்துப்போகும் என்று கண்டுபிடித்தார்கள். மின்சாரமில்லாத கிராமத்துக்கு ஏற்ற சோதனை அது. அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்னால், 1865-இல், செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்து நீரின் தெளிவை அளந்தார். இன்றைக்கும் விஞ்ஞானிகள் அதே தட்டைத்தான் ஏரிகளில் இறக்குகிறார்கள்.

அந்தத் தட்டை நாங்களும் செய்தோம். மைலோ டின் மூடி ஒன்று, கறுப்பும் வெள்ளையுமாக அடித்த சாயம், முடிச்சுப் போட்ட கயிறு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பாலத்தின் மேலிருந்து ஓடையில் இறக்கினார்கள். முதல் நாள் நன்றாகத் தெரிந்தது. அடுத்த தடவை, முந்தின இரவு கொட்டிய மழைக்குப் பிறகு, மூடி நீரில் பட்டதும் மறைந்துவிட்டது. ஒரு மாணவன் கேட்டான்: “டீச்சர், மழை பேஞ்சதுக்கு ஆறு என்ன செய்யும்? அதுக்காக மார்க்கக் கொறைக்கலாமா?”

அருமையான கேள்வி. மழையில் கலங்குவது ஆற்றின் இயல்பு. அந்த இயல்பு எவ்வளவு என்று தெரிந்தால்தானே, இயல்புக்கு மீறிய கலங்கல் எது என்று தெரியும்? மேலே எங்கோ மண் அறுத்துவிட்டார்களா, மணல் எடுக்கிறார்களா, காட்டை வெட்டி மறுநடவு செய்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டுமானால், முதலில் சாதாரண மழைக்கு நம் ஓடை எத்தனை நாளில் தெளியும் என்பது நோட்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் அளந்து ஒன்றும் ஆகாது. ஒரு வருடம் அளந்தாலும் பாதிதான் தெரியும். நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்துப் போய்விடுவார்கள். நோட்டு இங்கேயே இருக்க வேண்டும், அடுத்த வகுப்புக்கு, அதற்கடுத்த வகுப்புக்கு. அந்த மாணவனுக்கு இன்று பரிசு இல்லை. அவன் கணக்கில் சுமார்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் நூற்றுக்கு நூறு போட்டேன்.

ஆகவே பெற்றோர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தலைமையாசிரியர் அனுமதி தந்திருக்கிறார். அடுத்த தவணை முதல் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பள்ளிக்குப் பின்னால் உள்ள பாலத்தில், ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நீரை அளப்பார்கள். நீரின் வெப்பம், தெளிவு, நிறம், வாடை, முந்தின நாள் மழை பெய்ததா, என்ன மீன், என்ன பூச்சி, இவ்வளவுதான் எழுதுவோம். புளிப்புத் தன்மைக்குச் சோதனைக் காகிதம் வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு பெற்றோராவது உடன் வர வேண்டும். பிள்ளைகள் யாரும் நீரில் இறங்கக் கூடாது. கயிறு கட்டிய வாளியால் பாலத்தின் மேலிருந்தே எடுப்போம். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் ஓடை நீரில்தான் காத்திருக்கிறது, மறந்துவிடாதீர்கள். காலில் புண் உள்ள பிள்ளையை அன்றைக்கு வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓடையில் மீன் மிதந்தாலோ, நுரை வந்தாலோ, மண்ணெண்ணெய் வாடை வந்தாலோ, இரவானாலும் சரி, நேரத்தையும் இடத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் பள்ளியின் பெயரில் தெரிவிப்பது எங்கள் பொறுப்பு. அந்த இலாகாவின் இலவசத் தொலைபேசி எண்ணைச் சிற்றுண்டிச்சாலைப் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், நேரடியாகவும் அழைக்கலாம்.

முதல் சனிக்கிழமைக்கு வருவதாக இதுவரை மூன்று தாய்மார்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தந்தைமார்கள் பக்கம் பட்டியல் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பட்டியலும் பேனாவும் வாசல் மேசையில், பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பலகாரம் எடுக்க எல்லாரும் அங்கே வருவீர்கள் என்று தெரியும்.